கூலருக்குள் ஒரு செக்ரட்டரி

தில்லியில் ஒரு கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறாள் ஜ்யோத்ஸ்னா. அவள் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தி ஒருவரும் பார்த்ததில்லை. போர்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பாள். மேடம் ஒரு செமஸ்டரில் நடக்கிற நடைக்கு ஆக்ராவே போய்த் திரும்பிவிடலாம் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சேர்ந்த ஏதாவது ஒரு பெண் எழுந்து, சின்ன வயதிலிருந்தே புரொபசர் ஆக ஆசையா மேடம் என்று கேட்கும். "ஆமாம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவாள். பச்சைப் பொய். ஆனால் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் பாடம் நடந்த மாதிரிதான்.

உண்மை இதுதான். முப்பத்திரண்டு வயதுவரை உயிரியல் என்பது அவளுக்கு பஸ் வரும்வரை ஒதுங்கி நிற்கிற நிழற்குடை. பஸ்ஸின் பெயர் ஐ.ஏ.எஸ்.

அந்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தது அவளைவிட அவள் அப்பா. வெங்கடராமன் கும்பகோணத்திலிருந்து வந்து, கரோல் பாக்கில் ஒண்டுக் குடித்தனம் இருந்து, மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்ஷன் ஆபீஸராக ரிடையர் ஆனவர். ஜனக்புரியில் இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கினார். உத்தியோக காலம் முழுக்க அவர் எழுதிய நோட்டில், அவரைவிட வயதில் சின்னவர்கள் உட்கார்ந்தபடி கையெழுத்துப் போட்டார்கள். இவர் எதிரே நின்றார். தன் ஒரே பெண் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதில் பேராசை இல்லை. நின்று நின்று கால் வலித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே பி.எஸ்ஸி. படித்தாள், அது பரீட்சைக்குப் படிக்க நேரம் விடும் என்பதால். எம்.எஸ்ஸி. சேர்ந்தாள், லைப்ரரி கார்டும் மாணவர் பஸ் பாஸும் கிடைக்கும் என்பதால். ஐ.ஏ.எஸ். பரீட்சையில் விருப்பப் பாடமாக விலங்கியலை எடுத்தாள், கையில் இருந்தது அதுதான் என்பதால். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே குளவியாய் முடிந்தது.

முதல் மூன்று தடவை எழுதியும் தேறவில்லை. நான்காவது முயற்சிக்குப் படிக்கும்போது அவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாமல் போய்விட்டது. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலிலும் பால்கனியிலும் நடப்பாள். சாப்பிடும்போது எழுந்துவிடுவாள். "கால்ல சக்கரத்தக் கட்டிண்டு பொறந்தவ மாதிரி திரியறாளே" என்பாள் அம்மா காமாக்ஷி. அப்படி நடக்கையில் ஒரு மார்ச் மாதம், பால்கனியில் நின்ற ஏர் கூலரின் பின்தட்டி இடுக்கு வழியாக மஞ்சள் குளவிகள் போவதும் வருவதுமாக இருப்பதைக் கண்டாள். தட்டியைக் கழற்றினால், உள்கூரையில் தாமரைக்காய் மாதிரி ஒரு சின்னக் கூடு தொங்கியது.

தில்லிக்காரர்கள் இதற்குத் ததையா என்பார்கள், கண்டால் கொளுத்துவார்கள். ஏப்ரல் கடைசியில் கூலரைச் சுத்தம் பண்ண வருகிற மிஸ்திரி காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி நீட்டினால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அந்த வருஷமும் அப்படித்தான் முடிந்திருக்கும். மிஸ்திரி நெருப்புப்பெட்டியை எடுத்தபோது ஜ்யோத்ஸ்னா குறுக்கே போய் நின்றாள்.

"அப்பா, வேண்டாம்ப்பா. இது என் சிலபஸ்ல இருக்கு."

சிலபஸில் இருந்தது என்னவோ நிஜம். பூச்சிகளின் சமூக வாழ்க்கை என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக ஒரு வீடு தன் கூலரைத் தியாகம் செய்யுமா? மத்திய அரசுத் தமிழ்க் குடும்பம் செய்யும். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டால் அந்த வீடுகளில் டி.வி. வாயை மூடும், விருந்தாளி மூட்டை கட்டுவார், சுவாமிகூடக் கொஞ்சம் தள்ளி உட்காருவார்.

ஆனால் அந்தக் கூலரின் வாய் திறந்தது வெங்கடராமனின் அறை ஜன்னலில். ஏ.சி. காற்று எலும்பில் இறங்கும் என்று நம்புகிறவர் அவர். கூலரின் ஈரக் காற்று ஒன்றுதான் அவருக்குக் கோடை. ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு மிஸ்திரியைத் திருப்பி அனுப்பினார். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, துண்டை நனைத்து மார்மேல் போட்டுக்கொண்டு அந்த மே, ஜூனைக் கடந்தார். அடுத்த வருஷமும் கடந்தார். அதற்கடுத்த வருஷமும். "பரீட்சை முடியட்டும், அப்புறம் இதுகளுக்கு இருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டைப் பார்ப்பதற்கு அவள் கண்டுபிடித்த வழி நெயில் பாலிஷ். விடிகாலையில் குளவிகள் குளிரில் மந்தமாகக் கிடக்கும். அப்போது பல்குச்சி நுனியால் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு புள்ளி. சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை. அப்புறம் இரண்டு நிறம் சேர்த்து. ஒரு தரம் கண்ணுக்கு மேலே கொட்டு வாங்கி, பூசணிக்காய் முகத்தோடு கரோல் பாக் கோச்சிங் வகுப்புக்குப் போனாள். குளவிக்கூட்டில் கை விட்டவள் என்று ஊரில் சும்மா சொல்வார்கள். இவள் தினமும் விட்டாள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். பகலில் அவள் வகுப்புக்குப் போய்விடுவாள். வெங்கடராமன் கட்டிலில் படுத்தபடி வலைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். பரீட்சைக்கு உதவுமே என்று ஆரம்பித்தார். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுமுன் ரிப்போர்ட் வந்துவிடும்.

"நீலம் இன்னிக்கு நாலு தடவ வெளில போய்ட்டு வந்துது. பச்சை ஒரு வேலையும் பண்ணல. டெபுடேஷன்ல இருக்காப்ல ஒக்காந்துண்டே இருந்துது. செகப்பு வழக்கம்போல எல்லாரையும் முட்டிண்டு இருந்தா."

"சிவப்புதான் ராணிப்பா."

"ராணி என்னடி ராணி. செக்ரட்டரின்னு சொல்லு. தான் ஒரு துரும்பு அசைக்கறதில்ல, ஆனா அவ கிட்டக்க வந்தா மத்ததெல்லாம் தலையக் குனிஞ்சுக்கறதே."

அப்படித்தான் கூலருக்குள் ஓர் அமைச்சகம் நடந்தது. குளவிகள் வருஷத்துக்கு வருஷம் மாறினாலும் நிறத்துக்கு இருந்த பதவி மாறவில்லை. செக்ரட்டரி சிவப்பு. நீலம் செக்ஷன் ஆபீஸர். நாள் முழுக்க உழைக்கிறவள், முட்டையிடாதவள், இன்னொருத்தியின் பிள்ளைகளுக்கு இரை கொண்டுவந்து ஊட்டுகிறவள். வெங்கடராமனுக்கு நீலத்தின்மேல் ஒரு தனிப் பரிவு இருந்ததை யாரும் அவரிடம் சுட்டிக்காட்டவில்லை.

கடைசி முயற்சி வந்தது. ஆறாவது. அதற்குமேல் அரசாங்கமே வேண்டாம் என்று சொல்லிவிடும். அந்த ஆகஸ்டில், மெயின் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு, சிவப்பு காணாமல் போயிற்று. பல்லியோ பறவையோ கொண்டுபோயிருக்கும். கூடு கலவரப்பட்டது. ஜ்யோத்ஸ்னாவும் கலவரப்பட்டாள்; பொருளாதாரப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு கூலரையே பார்த்தாள். ஒரு நாள் சாயங்காலம் கரோல் பாக்கிலிருந்து திரும்பினால், அப்பா வாசற்கதவிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஜோ, சீக்கிரம் வா. செக்ரட்டரி நாற்காலில நீலம் ஒக்காந்துட்டா!"

ஓடிப் போய்ப் பார்த்தாள். நேற்றுவரை இரை சுமந்தவள் மற்றவர்களை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காலி அறைக்குள் வயிற்றை நுழைத்து அசையாமல் நின்றாள். முட்டையிட்டாள். வேலைக்காரி முட்டையிடுவாள் என்று படித்திருக்கிறாள். படிப்பது வேறு, பார்ப்பது வேறு. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் எந்தச் சட்டப் பிரிவும், எந்த ஐந்தாண்டுத் திட்டமும் அவளை அப்படிச் செய்ததில்லை. அதை நினைத்து அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

விலங்கியல் தாள் அன்று தயிரும் சர்க்கரையும் சாப்பிட்டுவிட்டுப் போனாள். கோச்சிங்கில் மந்திரம் மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: பத்து மார்க் கேள்விக்கு ஏழு நிமிஷம், அதற்குமேல் மன்னனே கேட்டாலும் எழுதாதே. தாளைப் பிரித்தாள். சமூகப் பூச்சிகளில் வேலைக்கார இனம் தன் இனப்பெருக்கத்தை ஏன் விட்டுக்கொடுக்கிறது? பத்து மார்க்.

புத்தகத்தில் உள்ள பதிலை எழுதினாள். ரத்த சம்பந்தம், பெற்ற பிள்ளையைவிடக் கூடப்பிறந்த தங்கை ரத்தத்தில் நெருக்கம், எல்லாம். நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கை, "இருப்பினும் எங்கள் வீட்டுக் கூலரில்" என்று ஆரம்பித்துவிட்டது. நீலம் வந்தாள். சிவப்பு போன நாள் வந்தது. முட்டல்கள், முட்டை, பச்சையின் பணிவு எல்லாம் வந்தன. விட்டுக்கொடுத்தவள் என்று நாம் நினைக்கிறவள் உண்மையில் விட்டுக்கொடுக்கவில்லை, முறைக்காகக் காத்திருக்கிறாள் போலிருக்கிறது. அப்படியானால் ஏன் நீலம், ஏன் பச்சை இல்லை என்று கேட்டு, அதற்குத் தானே மூன்று பதில் சொல்லி, மூன்றையும் தானே சந்தேகப்பட்டாள். பக்கம் பக்கமாகப் போயிற்று. படமும் போட்டாள். மணி அடித்தபோது பாதித் தாளுக்கு மேல் வெறுமையாக இருந்தது.

வெளியே வந்தாள். வாசலில் ஃபிளாஸ்கோடு அப்பா.

"எப்படிடி பண்ணினே?"

"ரொம்ப நன்னா எழுதினேம்ப்பா" என்றாள். அதுவும் ஒருவகையில் நிஜம்தான். அவள் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் இருக்கிறதே, எதிரிக்குக்கூட வேண்டாம். அப்பாவின் உற்சாகத்தைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்புவாள். ஜனக்புரியில் மெட்ரோ ஏறித் துவாரகாவின் கடைசி ஸ்டேஷன்வரை போவாள். இறங்காமல் அதே வண்டியில் திரும்புவாள். ஜனக்புரியைத் தாண்டிப் போய் மறுபடி திரும்புவாள். சீட் காலியாக இருந்தாலும் கதவருகே நிற்பாள். கார்டு தீர்ந்துபோகும், மனசு தீராது. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் கிளம்பி, சொல்லாமலே ஒவ்வொரு நாளும் வந்து சேர்ந்தாள்.

தீபாவளிக்கு முன்னால் வெங்கடராமன், நேர்முகத் தேர்வுக்குக் கட்டிக்கொள்ள நல்ல பருத்திப் புடவை வேண்டும் என்று அவளைக் கரோல் பாக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் முதன்முதலில் குடியிருந்த தெருவுக்குப் பக்கத்துக் கடை. கடைக்காரர் விரித்துக்கொண்டே இருந்தார். அப்பா ஒரு வெளிர்நீலப் புடவையை எடுத்து அவள் தோளில் வைத்துப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்த பெருமையை அவளால் தாங்க முடியவில்லை.

"வேண்டாம்ப்பா."

"ஏன், கலர் பிடிக்கலையா?"

"இன்டர்வியூ வராதுப்பா. நான் பேப்பர முடிக்கல. பாதிக்கு மேல விட்டுட்டேன்."

வெங்கடராமன் புடவையை மடித்தார். மெதுவாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, கடைக்காரரிடம் கொடுத்து, "மாஃப் கர்னா பாய்சாப்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே நடந்தார். மெட்ரோவில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை. இரண்டு ஸ்டேஷன் தாண்டிய பிறகு கேட்டார்.

"ஒடம்பு சரியில்லையா அன்னிக்கு?"

"இல்ல. ஒரே கேள்விக்கு எழுதிண்டே இருந்துட்டேன்."

"என்ன கேள்வி?"

"நம்ம நீலத்தப் பத்தி."

அந்தப் பெட்டியில் அப்போது தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாதது நல்லதாயிற்று. "மூணு கோடைடி! மூணு கோடை வெந்து செத்தேனே! எதுக்கு? பரீட்சைக்குன்னியேடி. நீ ஆபீஸராகணும்னு நான் ஈரத்துண்டப் போத்திண்டு கெடந்தேன். நீ குளவிக்காக என்னை வேக வெச்சிருக்கே!" ஒரு சர்தார்ஜி காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டுப் பார்த்தார். ஜ்யோத்ஸ்னா அழுதாள். அப்பா சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதுதான் அழுகையை நிற்கவிடவில்லை.

அன்றைக்கு மூடியவர் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் மட்டும். "ஒம் பொண்ண லைட்ட அணைக்கச் சொல்லு" என்று காமாக்ஷிக்குச் செய்தி போகும். டிசம்பரில் ரிசல்ட் வந்தது. அவள் நம்பர் இல்லை. பனியில் குளவிகளும் கலைந்து எங்கோ இடுக்குகளில் ஒடுங்கின. வெங்கடராமன் ஒரு பழைய போர்வையால் கூலரை மூடிக் கயிறு கட்டினார், பிணத்தைக் கட்டுகிற மாதிரி.

அவள் வெறுமனே இருக்கவில்லை. இருக்கத் தெரியாதே. எம்.எஸ்ஸி. படித்த துறைக்கே போய், குளவிகளைப் பற்றி பிஎச்.டி. செய்ய முடியுமா என்று கேட்டாள். அங்கே இருந்த புரொபசர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஒரே இடத்தில் மூன்று வருஷம் புள்ளி வைத்துப் பார்த்த கூடு சுலபத்தில் கிடைக்காது. நான்காவது வருஷமும் அதே இடத்தில் கட்டினால் அதையே ஆய்வாக எடுத்துக்கொள்ளலாம், மே மாதம் பிஎச்.டி. சேர்க்கைத் தேர்வுக்கு வரும்போது அதோடு வா என்றார். வயது அதிகம்தான், பரவாயில்லை என்றும் சொன்னார். அவள் படியில் இறங்கும்போது இரண்டிரண்டாகத் தாவினாள். பாதிப் படியில் அப்பாவின் ஞாபகம் வந்து நின்றாள். வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னாள்; அம்மாவிடம் சொன்னது அப்பா காதுக்குப் போகாமல் இருக்காது.

மார்ச்சில் குளவிகள் வந்தன. போர்வையின் கிழிசல் வழியாக, அதே கூலர், அதே உள்கூரை. நீலம் இல்லை, குளிரில் செத்திருப்பாள். வந்தவர்கள் அவளுடைய பெண்களாக இருக்கலாம். ஜ்யோத்ஸ்னா பால்கனியில் தள்ளி நின்று பார்ப்பாள். புள்ளி வைக்கவில்லை. எந்த முகத்தோடு வைப்பாள்? பரீட்சை முடிந்துவிட்டது. முடிந்ததும் இதுகளுக்கு இருக்கிறது என்று அவர் முன்பே சொல்லிவிட்டார். இந்தக் கூலர் அவருடையது, இந்தக் கோடை அவருடையது.

"நீயே போய்க் கேளேன், தின்னா விடுவார்?" என்றாள் காமாக்ஷி.

"எப்படிம்மா கேப்பேன்? மறுபடியும் வேகுங்கோன்னு கேக்கறதா?"

ஏப்ரல் கடைசியில் வெயில் ஏறியது. ஒரு காலை பத்து மணிக்குக் காலிங் பெல் அடித்தது. மிஸ்திரி. வெங்கடராமன்தான் போன் பண்ணி வரச்சொல்லியிருந்தார். புதுப் புல்தட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மிஸ்திரி நேரே பால்கனிக்குப் போனார். பின்னாலேயே வெங்கடராமன் போனார். ஜ்யோத்ஸ்னா சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். போய்க் குறுக்கே நிற்கலாம். மூன்று வருஷம் முன்னால் நின்றாளே. இன்றைக்குக் கால் வரவில்லை. தினமும் ஊர் சுற்றுகிற கால், பத்தடி தாண்ட மாட்டேன் என்றது.

போர்வையை அவிழ்க்கிற சத்தம். தட்டியைக் கழற்றுகிற சத்தம்.

"அங்கிள்ஜி, அந்தர் ததையா ஹை" என்றது மிஸ்திரியின் குரல். "ஜலா தூன்?"

கொளுத்திவிடவா என்கிறார். ஜ்யோத்ஸ்னா கண்ணை மூடிக்கொண்டாள். தீக்குச்சி உரசும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"ரஹ்னே தோ, பையா" என்றார் வெங்கடராமன். இருக்கட்டும் விடு என்கிறார்.

மிஸ்திரி சிரித்தார். பெண்ணின் பரீட்சை போன வருஷமே முடிந்துவிடும் என்றீர்களே, நீங்களே கூப்பிட்டுவிட்டு நீங்களே வேண்டாம் என்கிறீர்களே, இந்த வெயிலில் எப்படிப் படுப்பீர்கள் என்று அவர் இந்தியில் கேட்பது காதில் விழுந்தது.

"நஹீன் பையா. பேட்டி கா எக்ஸாம் அபி கதம் நஹீன் ஹுவா."

பெண்ணின் பரீட்சை இன்னும் முடியவில்லையாம். காமாக்ஷி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மிஸ்திரி தட்டிகளைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, ஆறு மாதமாக அவளைக் கூப்பிடாத குரல் கூப்பிட்டது. கோபம் இன்னும் அதில் பாக்கி இருந்தது.

"ஜோ! ஒருத்திக்குக்கூடப் புள்ளி வைக்கலையே. நான் எதப் பாத்து யாருன்னு சொல்றது?"

அவள் போனாள். அப்பா தலையில் ஈரத்துண்டோடு கூலருக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. தன் பக்கத்தில் இருந்த இன்னொரு முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். ஜ்யோத்ஸ்னா அதில் உட்கார்ந்தாள். அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவே இல்லை.